சமயபுரம் தாண்டியாச்சு

மார்ச் 28, ஞாயிறு

போன மாதக் கடைசியில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேருக்குக் கூடக் கரோனா தொற்று இல்லை. இன்று இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த வேகத்தை ஒரு கோடாகப் போட்டுப் பார்த்தால் எங்கே போய் நிற்கும் என்று எட்டாவது படித்தவனுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 10, 11 இரண்டு நாளும் நாங்கள் 'நீலத்திமிங்கலம்' தீம் பார்க்கில் இருக்க வேண்டும். செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. உள்ளேயே தங்க அறைகள் உண்டு. தாமரை அக்காவின் மகள் மிதுவுக்குப் போன வருஷமே சொன்ன வாக்கு, ஊரடங்கில் நடக்கவில்லை. அக்காவின் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அக்காவும் மிதுவும் எங்களோடுதான் திருச்சியில். போன மாதம் தம்பி வாசு அறைகளுக்கு முன்பதிவு போட்டான். அப்போது போட்டது தப்பில்லை. இப்போது ரத்து செய்யாமல் இருப்பதுதான் தப்பு.

மாலை மாடித் தொட்டியைக் கழுவினேன். அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு. இத்தனை நாள் இதைத்தான் குடித்தோம்.

மார்ச் 31, புதன்

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். தள்ளிப்போடலாம், ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"குழந்தைகிட்ட நீயே சொல்லு" என்றாள் அக்கா.

சொன்னேன். "மிது, திமிங்கலம் ஜூன்ல." அவள் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"கல்லு நெஞ்சுடா உனக்கு. இதமா சொல்லத் தெரியாதா?"

"இதமா சொன்னா வைரஸ் வராதா?"

"நீ தெனம் ஊரு ஊராப் போயி எடைமேடை ரிப்பேர் பண்றியே, அங்கெல்லாம் கரோனா உன்னப் பாத்தா சல்யூட் அடிச்சிட்டுப் போயிடுமா?"

அது வேலை. இது விளையாட்டு. இரண்டும் ஒன்றா? லாரியை எடை போடாமல் எந்த ஆலையும் ஓடாது. எடைமேடை தப்பாகக் காட்டினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர்ச் சறுக்கில் சறுக்காமல் யாரும் சாகமாட்டார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "சாவு கீவுன்னு பேசாதடா, வெளக்கு வெச்ச நேரத்துல" என்றாள்.

இன்னொன்றும் கேட்டேன். ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஆறு பேர் எப்படி அடைந்து போவது? மிது மடியில் உட்காருவாளாம். அப்பா எதுவும் பேசவில்லை. போக்குவரத்துக் கழக டெப்போவில் முப்பது வருஷம் பஸ் கிளம்பும் நேரம் குறித்தவர். இன்னும் நேரம் வரவில்லை என்பது போலவே எப்போதும் இருப்பார்.

ஏப்ரல் 2, வெள்ளி

புனித வெள்ளி விடுமுறை. மிக்ஸி கார்பன் மாற்றினேன்.

அம்மா அடுத்த ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நாமக்கல் பெண். "இந்தப் பொண்ணுகிட்டயாவது ஆபீசர் மாதிரி கேள்வி கேக்காம இருடா" என்றாள்.

பிப்ரவரியில் விழுப்புரத்துக்குப் பெண் பார்க்கப் போனதைச் சொல்கிறாள். பெயர் சிந்துஜா. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறாள். நான் ஒன்றும் விசாரணை நடத்தவில்லை. தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். என்ன வேலை என்று கேட்டாள். எடைமேடை எப்படி எடை பார்க்கிறது என்று விளக்கினேன். கொஞ்சம் நீளமாகப் போயிருக்கலாம். "காலி வண்டிய எடை போடும்போது டிரைவர் இறங்கிட்டு, லோடு ஏத்தின வண்டிய எடை போடும்போது உள்ளயே உக்காந்துட்டா?" என்றாள். அதுதான் அந்தத் தொழிலில் இருக்கும் பழைய திருட்டு. நான் சொல்லாமலே கண்டுபிடித்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு, முந்தைய பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாள் என்று கேட்டேன். அது தெரிய வேண்டிய விஷயம்தானே.

ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜாதகம் பொருந்திய பிறகுதான் பெண் பார்க்கவே போனோம். கேட்டால் வேறு ஜோசியர் என்றாள் அம்மா. அளந்த கருவியை மாற்றினால் அளவு மாறுமா? கருவிதான் தப்பு. போகட்டும். எனக்கொன்றும் பெரிய விருப்பம் இருக்கவில்லை.

அன்றைக்கு வண்டி ஓட்டி வந்தது வாசு. நாங்கள் மாடியில் இருந்தபோது கீழே எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். மாடி வரைக்கும் கேட்டது.

நாமக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 5, திங்கள்

ஜெயித்தேன்.

வாசுதான் ஆச்சரியம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், திமிங்கலத்துக்கு எங்களில் அதிகம் துடித்தவன் அவன்தான். இன்று மடிக்கணினியை மூடிவிட்டு அவனே ஆரம்பித்தான்.

"அண்ணன் சொல்றதும் சரிதான்க்கா. கேஸ் ஏறுது. ஜூன்ல போலாம்."

அக்கா அவனைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "ம்" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு கிராஃபும் ஒரு செய்தியும் எடுத்து வைத்திருந்தேன், காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. அறைகளை ரத்து செய்துவிடு என்றேன். "இப்பவே பண்ணிட்டேண்ணா" என்று போனைத் தூக்கிக் காட்டினான். தூரத்திலிருந்து.

எண்களை எடுத்துச் சொன்னால் மனிதர்கள் கேட்பார்கள். கத்தாமல் சொல்ல வேண்டும், அதுதான்.

மிது மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினாள். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுகின்றன.

ஏப்ரல் 6, செவ்வாய்

ஓட்டுப் போட்டோம். ஒரு கைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள்.

ஏப்ரல் 9, வெள்ளி

கரூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை. எடைமேடை கரும்பு லாரிகளைக் குறைத்துக் காட்டுகிறது என்று விவசாயிகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சோதனை எடைக்கற்கள் ஏற்றிய கம்பெனி லாரியிலேயே கிளம்புகிறேன். ஞாயிறுதான் திரும்புவேன்.

அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். இரண்டு நாளைக்கு வரும்படி. "பத்திரமா போயிட்டு வா, அவசரமா வராத" என்றாள். வழக்கமாகச் சீக்கிரம் வா என்பாள்.

ஏப்ரல் 10, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை எடைமேடை அறையில் இருந்தேன். குளிர்சாதனம், சன்னல் கிடையாது. அங்கே எடை பார்க்கும் ஆள் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். தூசிங்க சார் என்றான். வெளியே விவசாயிகள் நிற்கிறார்கள், பாதியில் விட முடியாது.

போனில் குறுஞ்செய்தி. எங்கள் கார் சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டியதற்குக் கட்டணம் எடுக்கப்பட்டது.

கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக்கை வாங்கிப் பதிவு செய்தது நான். என் எண்ணுக்குத்தான் செய்தி வரும். உன் எண்ணுக்கு மாற்றிக்கொள் என்று வாசுவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மாற்றவில்லை. எங்கள் வீட்டில் இது மாதிரி வேலை எல்லாம் நான் செய்வேன், செய்தபின் அப்படி ஒன்று இருப்பதையே எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

சுங்கச்சாவடி இயந்திரம் வேறு வண்டியை எங்கள் வண்டி என்று தப்பாகப் படித்திருக்கும் என்று நினைத்தேன். வேலையைத் தொடர்ந்தேன். பிறகு திருமாந்துறை வந்தது. அடுத்தடுத்த இரண்டு சாவடியில் ஒரே தப்பு நடக்காது. யாரோ வண்டியைத் திருடிவிட்டான் என்று முடிவுக்கு வந்தேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வண்டி வாசல்ல நிக்குதா?"

"நிக்குதுடா. ஏன்?"

"எட்டிப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன், நிக்குது. நான் ரசம் வெச்சிட்டிருக்கேன், பொங்கிடும். வையி."

ரசத்துக்குப் பின்னால் லாரி ஹாரன். ஏர் ஹாரன். எங்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைவதே கஷ்டம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது என்றால் எவனோ என் ஃபாஸ்டாக் அட்டையைப் போலியாகச் செய்திருக்கிறான் என்று நினைத்து உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"வண்டி இப்ப உங்க கிட்டதான் இருக்குங்களா சார்?"

"வீட்ல இருக்கு."

"வீட்ல வேற யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்களா சார்?"

"எங்க வீட்ல பொய் சொல்லமாட்டாங்க."

"புகார் பதிஞ்சா அட்டையை முடக்கிடுவோம் சார். அடுத்த சாவடியில வண்டிய நிறுத்துவாங்க. பதியட்டுங்களா?"

அவள் கேட்டு முடிக்கும்போதே செங்குறிச்சி வந்தது. சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி. திருடன் எவனும் இவ்வளவு ஒழுங்காகச் செங்கல்பட்டை நோக்கிப் போகமாட்டான்.

"வேணாங்க" என்றேன்.

பிறகு விக்கிரவாண்டி. பிறகு செங்கல்பட்டுக்கு முந்தைய ஆத்தூர். அதற்கப்புறம் செய்தி இல்லை. திமிங்கலம் அங்கேதான் இருக்கிறது.

எடைமேடையின் ஒரு மூலையில் எடையை உணரும் லோடு செல்லின் வயரை எலி கடித்திருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது சரியாகக் காட்டுகிறது. விவசாயிகள் கைதட்டினார்கள். புளியோதரையை நாய்க்குப் போட்டேன்.

ஏப்ரல் 11, ஞாயிறு

இரவு ஏழு மணிக்கு வீடு. எனக்கு முன்பே வந்துவிட்டிருக்கிறார்கள். வண்டி வாசலில், அதே இடத்தில், அதே கோணத்தில். பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு.

"வந்துட்டியா? வேலை நல்லபடி முடிஞ்சுதா?" என்றாள் அம்மா. இன்றைக்கு உண்மையிலேயே ரசம் வைத்திருந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களே சொல்லட்டும் என்று சாப்பாடு முடியும்வரை நேரம் கொடுத்தேன். மிதுவின் தோல் வெயிலில் கறுத்திருந்தது. அக்கா, "ரசம் போதுமாடா?" என்று மூன்று முறை கேட்டாள். வாசு தட்டைப் பார்த்தே சாப்பிட்டான்.

மோட்டார் போட மாடிக்குப் போனேன். கொடியில் அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை காற்றாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்பாவின் ஜரிகை வேட்டி. கட்டி அவிழ்த்த பட்டை ஒரு இரவு காற்றில் விட்டுத்தான் அம்மா மடித்து வைப்பாள்.

தண்ணீர்ச் சறுக்குக்கு யாராவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவார்களா?

ஏப்ரல் 12, திங்கள்

அப்பா மாடிக்கு வந்தார். முட்டி வலி வந்த பிறகு அவர் மாடி ஏறுவதே இல்லை. தொட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு உங்கம்மா சொல்றா. ராத்திரி வண்டியத் தொட்டுப் பாத்தியாமே."

"சமயபுரத்துலயே தெரியும். என்னை விட்டுட்டு விளையாடப் போனீங்க."

"விளையாட இல்லடா." தொட்டியில் விரலால் தட்டினார். "பூ வெச்சிட்டு வந்துட்டோம்."

"யாருக்கு?"

"வாசுவுக்கு."

"பொண்ணு எந்த ஊரு?"

அவர் தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"விழுப்புரம்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வழிந்தது. அணைத்துவிட்டு வந்து கேட்டேன்.

"ஜாதகம் பொருந்தலன்னு சொன்னாங்களே."

"உன்னோடது பொருந்தல. அவனோடது பொருந்துது."

"அது ஜோசியர் சொன்னதா, பொண்ணு சொன்னதா?"

அப்பா தொட்டி மூடியைப் போட்டு மூடினார். வாசுவும் அவளும் பிப்ரவரியிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்குப் பூ வைத்தால் திருச்சியில் நாலு பேர் கேட்பார்கள், அதனால்தான் அவ்வளவு தூரத்தில், யாரும் பார்க்காத இடத்தில். அவர்களும் தற்செயலாக அங்கே வந்தது போல வருவதாக ஏற்பாடு.

"முதல்ல உன்னையும் கூட்டிட்டுப் போய், அங்க வெச்சுப் பக்குவமா சொல்லலாம்னுதான் இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு ஆளாளுக்கு முழிச்சிட்டிருந்தோம். நீயே வேணாம், தள்ளிப்போடுன்னு நிக்கவும்..."

"நிக்கவும்?"

"வசதியாப் போச்சு."

அப்பாவிடம் ஒரு நேர்மை உண்டு. தாமதமாக வரும், ஆனால் வரும்.

"என்னைக் கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"

அது வேறு விஷயம்.

ஏப்ரல் 13, செவ்வாய்

உடம்பு அசதி. வாசு எதிரே வந்தால் நான் நகர்கிறேன், நான் வந்தால் அவன் நகர்கிறான். மூன்று அறை வீட்டில் இது எளிதல்ல.

ஏப்ரல் 14, புதன்

சித்திரை ஒன்று. எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று அம்மா கட்டாயப்படுத்தினாள். இலை போட்டு, வடை, பாயசம், வேப்பம்பூ பச்சடி.

"மொதல்ல பச்சடி சாப்புடு. வருஷம் பூரா இனிப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் கலந்துதான் வரும்" என்று என் இலையில் கூடுதலாக வைத்தாள்.

சாப்பிட்டேன். "இதுல கசப்பே இல்லியே" என்றேன்.

அக்கா வடையைக் கீழே வைத்தாள்.

"பாயசத்துக்குச் சர்க்கரை போட மறந்துட்டியா? எதுலயும் ஒண்ணுமே இல்ல."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா கையை உதறினாள். "குத்திக் காட்டணும்னா நேரா காட்டு. நல்ல நாளும் அதுவுமா அம்மாவ அழ வெக்கற."

"நான் பச்சடியச் சொன்னேன்."

"போதும்ணா" என்றான் வாசு. மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் சொல்.

நான் நிஜமாகவே பச்சடியைத்தான் சொன்னேன். ஒரு கரண்டி ஊறுகாயை அள்ளி வாயில் போட்டேன். ஒன்றும் இல்லை. சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை.

"எல்லாரும் என்னை விட்டுத் தள்ளிப் போங்க" என்றேன். அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 16, வெள்ளி

பாசிட்டிவ். மாடி அறைக்கு வந்துவிட்டேன். மாநகராட்சி ஆள் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்.

எங்கே வந்தது என்று யோசிக்க ஒன்றும் இல்லை. சன்னல் இல்லாத அறை, தூசிங்க சார். திமிங்கலத்துக்குப் போனவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 17, சனி

வாசு கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பேசினான்.

"அண்ணா, 23-ம் தேதி விழுப்புரத்துல நிச்சயம். அவங்க வீட்டுலயே. கொஞ்ச பேர்தான்."

"வாசல்ல ஸ்டிக்கர் இருக்கு, பாத்தியா?"

"பாத்தேன். நாங்க யாரும் உன்கிட்ட வரல இல்ல? எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவங்ககிட்ட உனக்கு இப்படின்னு சொல்லல. நீயும் சொல்லிடாத."

"சிந்துஜாவோட அப்பாவுக்கு பைபாஸ் ஆயிருக்கு. பொண்ணு பாக்கப் போனப்ப சொன்னாங்க. நீ கீழ சிரிச்சிட்டு இருந்த, கேட்டிருக்க மாட்ட."

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ஒரு தடவை தள்ளிப்போட்டா அப்புறம் நடக்காதுண்ணா. அவங்க சொந்தக்காரங்க ஏற்கெனவே, மூத்தவன வெச்சிக்கிட்டு ஏன் இளையவனுக்குன்னு பேசறாங்க. நான் உன்கிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

"கேக்காமலே எடுத்துக்கிட்ட."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். அவன் எழுந்து போகும்போது செருப்பை விட்டுவிட்டுப் போனான்.

ஏப்ரல் 18, ஞாயிறு

காலையிலிருந்து அம்மா இருமுவது படி வழியாகக் கேட்கிறது. கேட்டால் தாளிப்பு நெடி என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கவா தாளிக்கிறாள்?

மாலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நான் சிந்துஜா பேசறேங்க."

"எந்த சிந்துஜா?" என்றேன். தெரியாமல் கேட்கவில்லை.

"விழுப்புரம்." என்றாள். "வாசு எல்லாரும் நல்லா இருக்கோம்ங்கறார். நேத்து வீடியோல பேசும்போது பின்னாடி உங்க அம்மா மாடிப்படியில தட்ட வெச்சிட்டு வேகமா இறங்கி வந்தாங்க. அப்பா ஹார்ட் பேஷண்ட். உள்ளதைச் சொல்லுங்க."

"அவனக் கேக்கலாமே."

"கேட்டேன். சிரிக்க வெச்சிட்டாரு. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்னிக்கு எங்க வீட்டுலயும் அதைத்தான் சொன்னேன்."

பாராட்டாகச் சொன்னாளா, என்னை வேண்டாம் என்றதற்குக் காரணமாகச் சொன்னாளா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"எனக்குப் பாசிட்டிவ். அம்மாவுக்கு இன்னிக்குக் காலையிலிருந்து இருமல். 23-ம் தேதி இந்த வீட்டுலருந்து யாரையும் உள்ள விடாதீங்க. தள்ளிப்போடுங்க."

"சரிங்க." வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"வாசனை தெரியல. மத்தபடி பரவால்ல."

"அந்த டிரைவர் இறங்கி ஏறுற திருட்டு இன்னும் நடக்குதா?"

"நடக்குது. இப்ப கேமரா வெக்கறாங்க."

"பாத்துக்கங்க" என்று வைத்தாள்.

வேறு ஒரு பெண் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். நடந்திருப்பதைச் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. வேறு பெண் என்றாலும் இதையேதான்.

ஏப்ரல் 19, திங்கள்

விழுப்புரத்திலிருந்து காலையில் பேசிவிட்டார்கள். நிச்சயம் தள்ளி வைப்பு. தேதி சொல்லவில்லை.

வாசு கதவைக் கையால் அடித்தான். "சந்தோஷமாண்ணா? நெனச்சது நடந்துருச்சா?"

"அவளே கேட்டா. சொன்னேன்."

"அவ கேட்டா சொல்லுவ. நான் கேட்டா செய்யமாட்ட."

கீழே அக்கா அம்மாவிடம் சொல்வது கேட்டது. "அவனுக்குப் பொறாமைம்மா. கரோனாவச் சாக்கா வெச்சுப் பழி தீத்துக்கிட்டான்."

அம்மா இல்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். இருமினாள்.

ஏப்ரல் 21, புதன்

அம்மாவுக்குப் பாசிட்டிவ். 23-ம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. யாரும் என்னிடம் வந்து நீ சொன்னது சரி என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. மூன்று வேளையும் அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தது அவள்தான்.

ஏப்ரல் 24, சனி

எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான்தான் சரி. மாடி அறைக்கே அவளைக் கொண்டுவந்தாயிற்று. கட்டிலில் அவள், தரையில் நான். கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டேன். உப்பு எனக்குத் தெரியாது, அளந்து போடுகிறேன்.

குப்புறப் படுத்துக்கொண்டே பேசினாள்.

"உன்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும்டா."

"ஆமா."

"இல்லம்மா, பரவால்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"பரவால்ல இல்ல. எதுக்குச் சொல்லணும்?"

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகியது. தண்ணீர் கொடுத்தேன்.

"உன்கிட்ட சொன்னா நீ ஏன்னு கேப்ப. ஏன்ங்கறதுக்கு எங்ககிட்ட பதிலு இல்ல. அந்தப் பொண்ணு அவனத்தான் பிடிச்சிருக்குன்னுடுச்சு. அத உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆகும்."

"உனக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "செழியா, உனக்கு அந்தப் பொண்ணு மேல இஷ்டம் இருந்துச்சா?"

அவள் விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டினேன். தொண்ணூற்று ஐந்து. பேசாமல் படு என்றேன்.

மே 2, ஞாயிறு

அம்மா எழுந்து நடக்கிறாள். தொலைக்காட்சியில் ஓட்டு எண்ணிக்கை. காபி வாசனை லேசாகத் தெரிகிறது.

மே 8, சனி

திங்கள்கிழமையிலிருந்து முழு ஊரடங்கு. அதற்கு முன் நாளைக்கே நிச்சயத்தை முடித்துவிடுவது என்று இரண்டு வீட்டிலும் பேசிவிட்டார்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. வாசுவுக்கும் அப்பாவுக்கும் அக்காவுக்கும் பரிசோதனை முடிவு சரியாக இருக்கிறதா பார் என்று காகிதங்களை என் மேசையில் வைத்திருந்தார்கள். பார்த்தேன். சரியாக இருக்கிறது. மூவருக்கும் நெகட்டிவ்.

மாலையில் அம்மா சம்பந்தி வீட்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பெரியவன் வர்றதுக்கில்லைங்க. கரோனா வந்துச்சு பாருங்க, இன்னும் உடம்பு தேறல. எழுந்து நடக்கவே முடியல."

அப்போது நான் ஏணியில் நின்று அவள் தலைக்கு மேலே மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ஆமாங்க, ரொம்ப வீக்கா இருக்கான்" என்றாள்.

மறைக்கச் சொன்ன அதே நோய்.

மே 9, ஞாயிறு

விடியும்போதே கிளம்பினார்கள். அரக்குப் பட்டு, ஜரிகை வேட்டி, தாம்பாளங்கள். பின் சீட்டில் மிது தனியாக ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடி தேவைப்படவில்லை. ஐந்து பேர், ஐந்து இடம்.

அம்மா மட்டும் இறங்கித் திரும்பி வந்தாள். "இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு" என்றாள். இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நின்றேன். அப்பா ஹாரன் அடித்தார். கிளம்பும் நேரத்தில் அவர் தப்பமாட்டார்.

வாசு கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டையை ஒரு முறை பார்த்தான். பிறகு என்னை. மாற்றச் சொன்னபோது மாற்றியிருக்கலாம். இத்தனைக்குப் பிறகும் மாற்றவில்லை.

சமயபுரம் தாண்டியாச்சு.

மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தேன். மறுபடி சேறு. திருமாந்துறை வந்தது. கூடவே இன்னொரு செய்தி, அட்டையில் இருப்பு அடுத்த சாவடிக்குப் போதாது, உடனே பணம் ஏற்றவும் என்று. ஏற்றாவிட்டால் செங்குறிச்சியில் அட்டை செல்லாது. ஓரம் கட்டச் சொல்வார்கள், இரட்டிப்பாக ரொக்கம் கேட்பார்கள். ஊரடங்குக்கு முந்தைய நாள், சொந்த ஊருக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்தச் சாலையில்தான். வரிசையில் மாட்டினால் நல்ல நேரம் போய்விடும். ஏற்கெனவே ஒரு முறை தடைப்பட்ட காரியம் என்று அந்தச் சொந்தக்காரர்கள் பேசுவார்கள்.

நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

இட்லி சாப்பிட்டேன். சட்னியில் உப்பு தெரிந்தது. தட்டைக் கழுவி வைத்தேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன்.

பணம் ஏற்றினேன். இரட்டிப்புக் கட்டணம் கட்டுவது முட்டாள்தனம், அவ்வளவுதான். திரும்பி வருவதற்கும் சேர்த்தே போட்டேன்.

செங்குறிச்சி வந்தது.

அதன் பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த சாவடி விக்கிரவாண்டி. விழுப்புரம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். இனி செய்தி வராது.